எஸ்றா நிறுத்துக்கொடுத்த வெள்ளி: வளரும் சபையின் பணத்தைப் பற்றி ஒரு போதகருக்குப் பதில்

கேள்வி சுருக்கமாக இதுதான். ஒரு வீட்டின் முன்னறையில் இருபது பேரோடு தொடங்கிய சபை, ஏழு வருடத்தில் முந்நூறு பேரைத் தாண்டிவிட்டது. இடம் போதவில்லை. கடன் வாங்கி ஆலயம் கட்டலாமா என்று பேச்சு எழுந்திருக்கிறது. கமிட்டியில் பாதிப்பேர் "முதலில் பட்ஜெட் போடுவோம்" என்கிறார்கள். மீதிப்பேர் "இத்தனை வருடமும் பட்ஜெட் போட்டா கர்த்தர் நடத்தினார்?" என்கிறார்கள். நடுவில் நிற்கும் போதகர் கேட்கிறார்: "கணக்குப் பார்த்து ஊழியம் செய்தால் என் விசுவாசம் குறைந்துவிட்டது என்று அர்த்தமா? பார்க்காமல் போனால் அது விசுவாசமா, அசட்டுத் துணிச்சலா?"

பாஸ்டர், நான் பத்தொன்பது வருடம் ஒரு சபையில் பொருளாளராக இருந்தேன். அதற்கப்புறம், கூப்பிடுகிற சபைகளுக்குப் போய் அவர்களோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்துக்கொடுக்கிறேன். உங்கள் கேள்வியை வேறு வேறு வார்த்தைகளில் பல போதகர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் எல்லோரிடமும் நான் முதலில் திறக்கச் சொல்வது எஸ்றா எட்டாம் அதிகாரம்.

எஸ்றா பாபிலோனிலிருந்து எருசலேமுக்குப் புறப்படுகிறார். வழியில் சத்துருக்கள் பதிவிருக்கிறார்கள். பெர்சிய ராஜாவிடம் கேட்டால் குதிரைவீரர் துணைக்கு வருவார்கள். ஆனால் தேவனுடைய கரம் தம்மைத் தேடுகிறவர்கள்மேல் இருக்கிறது என்று ராஜாவிடம் ஏற்கெனவே சொல்லியாயிற்று. இப்போது போய்ப் படை கேட்க அவருக்கு வெட்கம். அகாவா நதியண்டையில் உபவாசமிருந்து ஜெபிக்கிறார்கள். விசுவாசத்துக்கு இதைவிட நல்ல படம் கிடைக்காது. சரி, அப்படியே அடுத்த வசனத்துக்குப் போங்கள். அதே எஸ்றா ஆசாரியரில் பன்னிரண்டு பேரைப் பிரித்தெடுத்து, எருசலேம் ஆலயத்துக்கென்று கொடுக்கப்பட்ட வெள்ளியையும் பொன்னையும் அவர்கள் கையில் நிறுத்துக்கொடுக்கிறார். வெள்ளி 650 தாலந்து (தாலந்து அந்நாளைய பெரிய எடை அளவு), பொன் 100 தாலந்து, பொற்கிண்ணங்கள் 20 என்று ஒவ்வொன்றும் எழுதப்பட்டிருக்கிறது. எருசலேமுக்கு வந்து மூன்று நாள் தங்கியிருந்து, நாலாம் நாள் ஆலயத்தில் மறுபடியும் நிறுக்கிறார்கள். எண்ணிக்கையும் நிறையும் சரியா என்று பார்த்து, மொத்த நிறையை அப்போதே எழுதிவைக்கிறார்கள்.

படை கேட்க வெட்கப்பட்டவர் தராசு எடுக்க வெட்கப்படவில்லை. அதுவும் யாரிடம்? நிறுத்துக்கொடுத்த கையோடு "நீங்கள் கர்த்தருக்குப் பரிசுத்தமானவர்கள்" என்று அவரே சொல்கிற மனுஷரிடம். அவர்கள்மேல் சந்தேகப்பட்டு அவர் எடை போடவில்லை. நான்கு மாதம் நீண்ட பயணத்தின் முடிவில் யாரும் அவர்களைச் சந்தேகப்பட இடமிருக்கக் கூடாது என்பதற்காகவும்தான் எடை போட்டார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இதைப் பிடித்துக்கொண்டால் உங்கள் கமிட்டிச் சண்டை பாதி தீர்ந்துவிடும். இன்னும் கைக்கு வராததற்கு விசுவாசம் வேண்டும். கைக்கு வந்துவிட்டதற்குத் தராசு வேண்டும். சபைகள் சிக்கிக்கொள்வது இந்த இரண்டும் இடம் மாறும்போதுதான். கையிலிருக்கும் காணிக்கையை "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று எண்ணாமல் விடுகிறோம். வராத காணிக்கையை வந்ததுபோல எழுதிக்கொண்டு, அதை நம்பிக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறோம்.

ஜார்ஜ் முல்லரைப் பற்றி உங்கள் கமிட்டியில் யாராவது கட்டாயம் பேசியிருப்பார்கள். பிரிஸ்டல் நகரத்தில் 1836-ல் அநாதைப் பிள்ளைகளுக்காக இல்லம் திறந்தவர். வாழ்நாளில் ஏறக்குறைய 10,000 பிள்ளைகளைப் பராமரித்தவர். மனுஷரிடம் பணம் கேட்பதில்லை, தேவனிடம் மட்டுமே கேட்பது என்று தீர்மானித்திருந்தவர். பிரசங்கங்களில் இதுவரைதான் சொல்வோம். அவர் கடன் வாங்கி ஊழியத்தை விரிவாக்குவதில்லை என்று 1834-லேயே விதி வைத்திருந்ததையும், வந்ததையும் செலவானதையும் வருடந்தோறும் அச்சிட்டு வெளியிட்டதையும் சொல்ல மறந்துவிடுகிறோம். முல்லரின் ஜெபத்தை எடுத்துக்கொண்டு அவருடைய கணக்குப் புத்தகத்தை விட்டுவிட்டால் அது முல்லரின் விசுவாசம் ஆகாது.

இப்போது உங்கள் சபைக்கு வருகிறேன். வளர்கிற சபையில்தான் பணக் கஷ்டம் அதிகம் என்று சொன்னால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். காரணம் இதுதான்: காணிக்கை சாய்வான பாதை மாதிரி மெதுவாக ஏறுகிறது, செலவு படிக்கட்டு மாதிரி ஏறுகிறது. நூற்றைம்பது பேர் இருநூறு பேர் ஆகும்வரை அதே கூடம், அதே ஒலிபெருக்கி, அதே ஒரு போதகர். இருநூற்றைத் தாண்டியதும் ஒரே வருடத்தில் பெரிய இடம், சிறுவர் வகுப்புக்குத் தனி அறை, இன்னொரு முழுநேர ஊழியர் எல்லாம் சேர்ந்து வந்து நிற்கும். அதே சமயம், புதிதாக வந்தவர்கள் உடனே கொடுக்கத் தொடங்குவதில்லை. பலருக்கு அது ஒரு வருடம், இரண்டு வருடம் பிடிக்கிறது. இதில் தவறொன்றுமில்லை; நம்பிக்கை வளர நாள் வேண்டும். ஆனால் முந்நூறு பேர் என்றதும் முந்நூறு பேரின் காணிக்கையை மனதில் கணக்குப் போட்டுவிடுகிறோம். உண்மையில் உங்கள் சபையைத் தாங்கிக்கொண்டிருப்பது ஆரம்பத்தில் வந்த அறுபது, எழுபது பேராக இருக்கலாம். காணிக்கை ஏட்டைப் பார்த்து இதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பெயர்கள் வேண்டாம், எத்தனை குடும்பங்கள் தவறாமல் கொடுக்கின்றன என்ற எண்ணிக்கை போதும்.

பெயர்கள் வேண்டாம் என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன். யார் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பது போதகருக்குத் தெரியக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. தெரிந்திருந்தால்தான் சரியாக மேய்க்க முடியும் என்று சொல்லும் நல்ல போதகர்களும் உண்டு. அவர்களை மதிக்கிறேன், ஆனால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. பொன்மோதிரக்காரனுக்கு நல்ல இடமும் ஏழைக்குக் கால்படியண்டை இடமும் காட்டுவதைப் பற்றி யாக்கோபு எழுதினாரே, அது திட்டமிட்டு நடக்கிற காரியம் அல்ல. தொலைபேசி அடிக்கும்போது யாருடையதை முதலில் எடுக்கிறோம், யார் வீட்டு மரணத்துக்கு இரண்டாம் முறையும் போகிறோம் என்பதில் அது தானாகவே நுழைந்துவிடும். தெரியாமலே இருப்பது உங்களுக்குத்தான் பாதுகாப்பு.

அடுத்தது எண்ணுகிற மேசை. ஒரு சபையில் நான் கண்டதை அப்படியே சொல்கிறேன். ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பைகளை ஒரு வயதான அண்ணன் தனியாக உள்ளறைக்கு எடுத்துப் போவார். கதவைச் சாத்திக்கொண்டு எண்ணுவார். ஒரு துண்டுச் சீட்டில் தொகையை எழுதிப் போதகரிடம் கொடுப்பார். பத்து வருடமாக அப்படித்தான். பொன்னான மனுஷர். ஒரு வாரம் காணிக்கை வழக்கத்தைவிட மிகவும் குறைந்தது. மழை பெய்திருக்கலாம், மாதக்கடைசியாக இருக்கலாம். ஆனால் யாரோ எதையோ முணுமுணுக்க, அது காது காதாகப் போய்க் கடைசியில் அவர் காதுக்கே வந்துவிட்டது. அவருடைய உண்மையை நிரூபிக்க அவரிடம் என்ன இருந்தது? துண்டுச் சீட்டுகள் மட்டும். அடுத்த ஞாயிறு பைகளைத் தொட மறுத்துவிட்டார். மூன்று மாதத்தில் சபைக்கு வருவதையும் நிறுத்திவிட்டார். அவர் ஒரு காசு எடுக்கவில்லை என்று நான் இன்றும் நம்புகிறேன். அவரைத் தனியாக விட்டது எங்கள் தவறு.

அதற்குப் பிறகு அங்கே வைத்த ஒழுங்கு மிகச் சாதாரணமானது. கதவு திறந்த அறையில் ஒரு மேசை. ஒரே குடும்பத்தைச் சேராத இரண்டு பேர், முடிந்தால் மூன்று பேர். பைகள் அவர்கள் கண்முன்தான் கவிழ்க்கப்படும். நோட்டுகள் தனி, சில்லறை தனி, பெயரெழுதிய உறைகள் தனி. ஒருவர் எண்ணி முடித்ததும் கட்டு மற்றவரிடம் போகும். அவர் முதல் தொகையைக் கேட்காமலே எண்ண வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் அச்சடித்த படிவத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுவார்கள். பணம் முழுதும் அடுத்த வேலைநாளில் வங்கிக்குப் போகும். "அவசரச் செலவுக்கு இதிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம்" என்ற பேச்சே கிடையாது. செலவெல்லாம் வங்கிக்குப் போன பணத்திலிருந்துதான், ரசீதோடுதான், இரண்டு கையெழுத்தோடுதான். எண்ணுகிறவர் கணக்கு எழுதக் கூடாது; கணக்கு எழுதுகிறவர் காசோலையில் கையெழுத்துப் போடக் கூடாது. மேசைக்கு நீங்கள் வரவே வேண்டாம்.

இது உலகத்தார் ஒழுங்கு என்று யாராவது சொன்னால், 2 இராஜாக்கள் 12 வாசிக்கச் சொல்லுங்கள். ஆலயத்தைப் பழுதுபார்க்க ஆசாரியர்களிடம் பணம் போய்க்கொண்டிருந்தது. யோவாஸ் ராஜாவின் 23-ஆம் வருஷம் வரைக்கும் வேலை நடக்கவில்லை. அப்போது ஆசாரியனாகிய யோய்தா ஒரு பெட்டியின் மூடியில் துவாரமிட்டுப் பலிபீடத்தண்டையில் வைத்தார். பெட்டி நிறைந்தால் ராஜாவின் எழுத்தனும் பிரதான ஆசாரியனும், இரண்டு பேருமாக வந்து எண்ணினார்கள். அப்போஸ்தலர் பவுலும் எருசலேம் பரிசுத்தவான்களுக்கான தர்மப்பணத்தைத் தனியாகச் சுமந்து போகவில்லை. தீத்துவோடு, சபைகளே தெரிந்துகொண்ட ஒரு சகோதரனையும் கூட்டி அனுப்பினார். கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானதைச் செய்ய நாடுகிறோம் என்று 2 கொரிந்தியர் எட்டாம் அதிகாரத்தில் காரணத்தையும் சொல்லிவிட்டார். பவுலையே யாராவது குறை சொல்லக்கூடும் என்று பவுல் நினைத்தார் என்றால் நாம் எம்மாத்திரம்?

உங்கள் சம்பளத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்கத் தயங்கியிருப்பீர்கள், நானே சொல்கிறேன். அதை மூப்பர்கள் முடிவு செய்ய வேண்டும். அந்த நேரம் நீங்கள் அறையில் இருக்கக் கூடாது. தொகை எழுத்தில் இருக்க வேண்டும், வருடத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்க்கப்பட வேண்டும். "எனக்கு ஒன்றும் வேண்டாம், கர்த்தர் தருகிறதைக் கொண்டு வாழ்கிறேன்" என்று சொல்லும் போதகர்களைப் பார்த்திருக்கிறேன். பவுல் கூடாரம் செய்து பிழைத்தார் என்பார்கள். அவர் அதைத் தாமே விரும்பித் தெரிந்துகொண்டார்; வேலையாள் கூலிக்குப் பாத்திரன் என்று எழுதியவரும் அவரேதான். சம்பளம் தெளிவாக இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது? வீட்டுச் செலவும் சபைச் செலவும் ஒரே பையிலிருந்து போகிறது. யாரோ உங்கள் கையில் திணிக்கும் உறை உங்களுக்கா சபைக்கா என்று தெரிவதில்லை. உங்கள் மனைவியும் பிள்ளைகளும் சபையாரின் மனநிலையைப் பார்த்து வாழப் பழகுகிறார்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்தபின் சபையை வெறுப்பதை நான் பார்த்திருக்கிறேன். சபைச் சொத்து எதுவும் உங்கள் பெயரில் இருக்க வேண்டாம், சபைக் கடனுக்கு உங்கள் சொந்த வீட்டை ஈடு வைக்கவும் வேண்டாம். சபையைப் பதிவு செய்யவும் வருடாந்தரத் தணிக்கைக்கும் உங்கள் நாட்டுச் சட்டம் என்ன கேட்கிறது என்று ஒரு கணக்காளரிடம் உட்கார்ந்து தெரிந்துகொள்ளுங்கள், அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பிரசங்கபீடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பணம் தட்டுப்படும்போது, தசமபாகத்தைக் கொண்டுவரச் சொல்லும் மல்கியா மூன்றாம் அதிகாரம் அடிக்கடி வாயில் வரும். கொடுத்தால் நூறு மடங்கு திரும்ப வரும் என்ற பேச்சு மெல்ல நுழையும். வேண்டாம் பாஸ்டர். ஏழை விதவையின் இரண்டு காசை எத்தனை முறை காணிக்கைப் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம்! மாற்கு 12-ல் அந்தச் சம்பவத்துக்கு முந்திய வசனம், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரைப் பற்றியது. இரண்டையும் சேர்த்து வாசித்தால் அந்த இரண்டு காசைக் கையில் வாங்குகிறவனுக்கு நடுக்கம் வர வேண்டும். விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல என்று பவுல் எழுதியிருக்கிறார். தேவை இருந்தால் தேவையைச் சொல்லுங்கள்: இந்த மாதம் இவ்வளவு வந்தது, இவ்வளவு போனது, இவ்வளவு குறைகிறது. ஒரே பக்கம், எல்லோருக்கும் புரிகிற மொழியில், மாதாமாதம். மோசமான மாதத்திலும் அதை நிறுத்தாதீர்கள். உண்மையைச் சொன்ன சபை தூக்கிவிடும். ஒளித்துவைத்தால், பணம் இருக்கிறவர்கள்கூடக் கையை மடக்கிக்கொள்வார்கள்.

சரி, கடன். எந்தச் சபையும் ஒருபோதும் கடன் வாங்கக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். வாடகைக்குக் கொட்டும் பணத்தில் சொந்த இடத்தின் தவணையை நிம்மதியாகக் கட்டும் சபைகள் உண்டு. ஆனால் லண்டனில் பிரபல பிரசங்கியார் ஸ்பர்ஜனின் சபை மெட்ரோபாலிட்டன் டாபர்னக்கிள் என்ற ஆலயத்தைக் கட்டி 1861-ல் திறந்தபோது ஒரு காசு கடன் மீதமில்லாமல் திறந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஏக்கமாக இருக்கும். அதன் மறுபக்கம் கலிபோர்னியாவின் கிரிஸ்டல் கதீட்ரல். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட கண்ணாடிகள் பதித்த அந்த ஆலயம் 1980-ல் திறக்கப்பட்டது. தொலைக்காட்சி வழியாக உலகம் முழுவதும் தெரிந்தது. வருமானம் சரிந்தது, 4 கோடி டாலருக்கு மேல் கடன் நின்றது, பொருள் கொடுத்தவர்களுக்குக்கூடப் பாக்கி. 2010-ல் அந்த ஊழியம் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. கட்டடம் கத்தோலிக்க மறைமாவட்டத்துக்கு 5.75 கோடி டாலருக்கு விலைபோனது. கண்ணாடி அப்படியே நிற்கிறது. கட்டிய சபைதான் வெளியே போக வேண்டியதாயிற்று.

சிறிய அளவில் இதே கதையை நான் அருகிலிருந்து பார்த்தேன். தவணை கட்டுகிற முதல் வருடம் ஒருவருக்கும் வலிக்கவில்லை. இரண்டாம் வருடம் மிஷனரிகளுக்கு அனுப்புவது பாதியானது. மூன்றாம் வருடம் ஏழைக் குடும்பங்களுக்கான நிதியிலிருந்து "தற்காலிகமாக" எடுத்தார்கள். அது மாற்றானின் பணத்தை எடுப்பதற்குச் சமம். எதற்கென்று சொல்லிக் கொடுத்தார்களோ அதற்கு மட்டும்தான் அது. நான்காம் வருடம் போதகரின் பிரசங்கமே மாறிவிட்டது. மனந்திரும்புதலைப் பற்றிப் பேசினால் பெரிய குடும்பம் ஒன்று கோபித்துக்கொண்டு போய்விடுமோ என்ற பயத்தை அவர் குரலிலேயே கேட்டேன்.

ஆகவே கோபுரம் கட்ட மனதாயிருக்கிறவன் முன்பு உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று லூக்கா 14-ல் நம் ஆண்டவர் சொன்னதை உங்கள் கமிட்டி அப்படியே செய்யட்டும். இன்றிலிருந்து ஒரு வருடம், கடன் வாங்கிவிட்டதுபோலவே நடந்து பாருங்கள். மாதத் தவணை எவ்வளவு வருமோ அதைத் தவறாமல் தனிக் கணக்கில் போடுங்கள். ஏழைகள் நிதியையும் மிஷனரி நிதியையும் சம்பளங்களையும் தொடாமல் பன்னிரண்டு மாதமும் போட முடிந்தால், தவணையைத் தாங்குவீர்கள் என்று தெரிந்துவிடும். கையிலும் ஒரு தொகை சேர்ந்திருக்கும், கடன் அந்த அளவுக்குக் குறையும். ஐந்தாம் மாதமே திணறினால், கடன் பத்திரம் இல்லாமலே அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டீர்கள். அதுவரை ஞாயிறு இரண்டு ஆராதனை வையுங்கள். களைப்பாகத்தான் இருக்கும், ஆனால் களைப்புக்கு வட்டி கிடையாது.

பட்ஜெட்டைப் பொறுத்தவரை, கடந்த பன்னிரண்டு மாதம் உண்மையில் வந்த தொகைதான் அடிப்படை. வரும் என்று நம்புகிற தொகை அதில் வரக் கூடாது. மூன்று மாதச் செலவுக்கான கையிருப்பைக் கொஞ்சங்கொஞ்சமாகச் சேருங்கள். அதற்குக் கீழே இன்னொரு தாள் வையுங்கள்: கர்த்தர் தந்தால் செய்வோம் என்பவை, வரிசைப்படி. அந்தத் தாளை ஜெபக்கூட்டத்தில் நடுவில் வைத்து ஜெபியுங்கள். "பட்ஜெட் போட்டா நடத்தினார்?" என்று கேட்கும் சகோதரர்களிடம் அந்தத் தாளைக் கொடுங்கள், அவர்களுக்குத்தான் அதற்கான பாரம் இருக்கிறது. முதல் தாளைக் கணக்குப் பார்க்கிறவர்கள் வைத்துக்கொள்ளட்டும். ஒரு காரியத்துக்கான முழுப்பணமும் வந்ததும் அது இரண்டாம் தாளிலிருந்து முதல் தாளுக்கு ஏறட்டும்.

சில சமயம் தேவைக்கு மேலும் வரும். யாத்திராகமம் 36-ல் ஆசரிப்புக்கூடார வேலைக்கு ஜனங்கள் அளவுக்கு மிஞ்சிக் கொண்டுவந்தார்கள் என்று வேலைக்காரர் வந்து சொன்னதும், மோசே "இனிக் கொண்டுவர வேண்டாம்" என்று பாளயமெங்கும் கூறச் செய்தார். இரண்டு அதிகாரம் தள்ளி, பொன் 29 தாலந்து 730 சேக்கல், வெள்ளி 100 தாலந்து 1,775 சேக்கல், வெண்கலம் 70 தாலந்து 2,400 சேக்கல் என்று கணக்கு வருகிறது. போதும் என்று மோசேக்கு எப்படிச் சொல்ல முடிந்தது? எண்ணியிருந்தார்கள். உங்கள் கட்டட நிதி நிறைகிற நாளில் நீங்களும் மேடையேறி "போதும், இனி இதற்குக் கொடுக்க வேண்டாம்" என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்ன ஒரு போதகரை எனக்குத் தெரியும். அந்தச் சபை அதற்குப் பிறகு அவர் கேட்ட எதற்கும் தயங்கியதில்லை.

அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு முன் மூன்று எண்களை மட்டும் எடுத்துவையுங்கள்: கடந்த பன்னிரண்டு மாதத்தின் மொத்தக் காணிக்கை, தவறாமல் கொடுக்கும் குடும்பங்களின் எண்ணிக்கை, இன்று வங்கியில் குறிப்பிட்ட நோக்கத்துக்கென்று இல்லாமல் இருக்கும் தொகை. பொருளாளரையும் கூட வைத்துக்கொண்டு எழுதுங்கள். கூட்டத்தை ஜெபத்தோடு தொடங்கி, எஸ்றா 8:21-லிருந்து 34 வரை சத்தமாக வாசித்துவிட்டு, அப்புறம் அந்தத் தாளை மேசைமேல் வையுங்கள்.